சொப்புப் பெட்டிக்குள் ஓர் அடுப்பங்கரை

எங்கள் ஆச்சி வீட்டு அடுப்பங்கரையில் கிடந்த ஆட்டுக்கல்லை இடம் பெயர்க்க வேண்டுமானால் திடகாத்திரமான ஆண்பிள்ளைகள் நான்கு பேர் வந்து கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். அதற்குச் சகல அம்சங்களிலும் ஒத்த இன்னோர் ஆட்டுக்கல்லை என் தங்கை பாவாடை மடியில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்தாள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் வியப்பதற்கு எங்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. எங்கள் அம்மி ஆனி மாதத்திலேயே திண்ணையிலிருந்து பறந்து வாய்க்காலில் விழுந்து, மிதந்துபோய், நாலு வீடு தள்ளிப் படித்துறையில் அகப்பட்டது. மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய அம்பாசமுத்திரத்துச் சொப்பு அது. 1960களில் திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர்கள் பலருக்கு, மூடி போட்ட ஒரு பனையோலைப் பெட்டியும், அதைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அரக்கு வாசனையும், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கி அடுக்கிய சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான குட்டிப் பாத்திரங்களும் இன்றைக்கும் ஞாபகத்தில் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சொப்பு வாங்குவதற்கென்று யாரும் அந்தக் காலத்தில் பிரயாணம் செய்ததில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போய்க் குடும்பத்தோடு தங்கிப் பொங்கலிட்டுத் திரும்புகிறவர்கள், பாபநாசத்தில் தாமிரபரணி ஸ்நானம் முடித்து வருகிறவர்கள், சாரல் காலத்தில் குற்றாலம் போய் அருவியில் தலையைக் கொடுத்து வருகிறவர்கள் ஆகிய இவர்களே வழியில் கடை கண்டு, பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி வாங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து கொல்லம் போகும் ரயில் பாதை 1904-இலேயே முழுதும் திறந்துவிடப்பட்டதால், அம்பாசமுத்திரமும் தென்காசியும் அதன் வழியில் இருந்ததால், இந்த ஓலைப்பெட்டிகள் மலையாள தேசம் வரைக்கும் மடியில் உட்கார்ந்து போயின. 1957-ஆம் ஆண்டு ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டபோதிலும் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் நெடுங்காலம் அணாவிலேயே விலை சொன்னார்கள். அதைப் பைசாவாக மாற்றுவதில் உண்டாகும் குழப்பத்தில் ஆச்சி ஒரு கரண்டியோ ஒரு குடமோ கொசுறாகப் பெற்றுவிடுவாள்.

சொப்பு என்ற சொல் பழைய 'செப்பு' என்பதன் திரிபு. செப்பு என்றால் மூடியுள்ள சிறு கலம். தலைவனைப் பிரிந்த பெண் வாடிப்போனதைச் சொல்ல வந்த கயமனார், சூடாமல் செப்புக்குள்ளே தனியே கிடந்து வாடிய பூவை உவமையாகக் குறுந்தொகையில் வைத்திருக்கிறார். சந்தனமும் பூவும் வைத்திருந்த அந்தக் கலம் காலப்போக்கில் குறுகிக் குறுகிக் குழந்தைகளின் கைக்கு வந்து, மூடியையும் இழந்து, பெயரின் முதலெழுத்தையும் மாற்றிக்கொண்டு, அம்மிக்கும் அடுப்புக்கும்கூடப் பொதுப்பெயராகிவிட்டது. ஊரில் அதைச் 'சொப்பு சாமான்' என்றுதான் சொல்லுவார்கள். வாய் நிறையச் சொல்லத் தோன்றும் பெயர் அது.

அந்தச் சாமான் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒருமுறை கடைசல் பட்டறையில் நின்று பார்த்தவன் பிறகு அதை லேசில் உடைக்கத் துணியமாட்டான். மஞ்சட்கடம்பு மரத்தை நன்றாக உலர்த்தி, சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டைக் கடைசலில் பொருத்துவார்கள். மின்சாரம் வருவதற்கு முன்பு, சுழலும் தண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இருபுறமும் மாற்றி மாற்றி இழுக்க, எதிரே உட்கார்ந்தவர் உளியைப் பிடிப்பார். இழுப்பவர் கைக்கும் கடைபவர் கைக்கும் தாளம் பிசகினால் குடத்தின் கழுத்து போய்விடும். பின்னாளில் மோட்டார் வந்து, இழுப்பவருக்கு வேலை இல்லாமற் போயிற்று. உளி தொட்ட இடத்தில் மரம் சுருள் சுருளாய் உதிர்ந்து, கண்ணெதிரே வயிறும் இடையும் வாயும் உண்டாகி, ஒரு மரத்துண்டு குடமாகிவிடும். அதற்குமேல்தான் விசித்திரம். நிறமூட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துகிறார்கள். உராய்வினால் பிறக்கும் சூட்டிலே அரக்கு இளகி மரத்தில் படிகிறது. நெருப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. மரம் தன் சுழற்சியால் தானே தனக்குச் சாயம் பூசிக்கொள்கிறது. பிறகு தாழை ஓலையை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தினால், திட்டுத் திட்டாய் இருந்த அரக்கு ஒரே சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னத் தொடங்குகிறது. மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சிறு பூச்சியின் கசிவுதான் அரக்கு என்பதும், இந்தியாவில் அது மிகுதியாகச் சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காடுகளில் விளைவது என்பதும் பின்னால் நான் தெரிந்துகொண்டவை. சொப்பை வாயில் வைத்துக் கடித்த வயதில் அது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இந்தக் கலை நமக்கு மட்டுமே உரியது என்று பெருமை பேசுவதற்கில்லை. மைசூர்ச் சீமையில் சன்னபட்டணமும், ஆந்திரத்தில் எட்டிக்கொப்பாக்கமும், வடக்கே காசியும் அரக்குக் கடைசலுக்குப் பெயர் போனவை. சன்னபட்டணத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் திப்பு சுல்தான் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அங்கெல்லாம் குதிரையும் கிலுகிலுப்பையும் தலையாட்டும் பொம்மையும் மிகுதி. நம்முடைய கடைசற்காரர்களோ விடாப்பிடியாகச் சமையலறையிலேயே நின்றார்கள். அம்மி குழவி, ஆட்டுக்கல், உரல் உலக்கை, திருகை, அடுப்பு, பானை, குடம், தோசைக்கல், தாம்பாளம், செம்பு, கரண்டி என்று ஒரு கிருஹத்தின் பாகசாலை முழுவதையும் ஒன்றும் விடாமல் சுருக்கிக் கொடுத்தது அம்பாசமுத்திரத்தின் தனி விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

மரம் ஒன்றுதான் சொப்பு என்பதும் இல்லை. குயவர் வீட்டில் சட்டி பானையோடு கூடவே மிச்ச மண்ணில் வனைந்து சுட்ட மண் சொப்பு ஏழைக் குழந்தையின் சொத்து. திருவிழாவில் வாங்கினால் மூன்றாம் நாள் ஓடாகிவிடும், அந்த ஓட்டைத் தேய்த்துச் சில்லாக்கிப் பாண்டி விளையாடுவார்கள். மாக்கல்லில் குடைந்த கல் சொப்பு உண்டு. பித்தளைச் சொப்பும் வெள்ளிச் சொப்பும் கல்யாணச் சீர் வரிசையில் ஏறும் அந்தஸ்துடையவை; அவை நவராத்திரிக் கொலுவுக்குப் பத்து நாள் வெளியே வந்து, செட்டியாரும் செட்டிச்சியும் கடை விரித்திருக்கும் படிக்கருகே உட்கார்ந்துவிட்டு, மறுபடி பரணில் ஏறிவிடும். தொட விடாத பொம்மை என்ன பொம்மை? மரச்சொப்பு இரண்டுக்கும் நடுவே நின்றது. கீழே விழுந்தால் உடையாது, வருஷக்கணக்கில் உழைக்கும், அதிகம் போனால் மூலையில் ஒரு சில்லுப் பெயரும். அக்காளிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து அத்தை மகளுக்கும் கைமாறிச் சென்றது அதனால்தான்.

நம் பழைய இலக்கியத்தில் பொம்மையைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது வண்டி. மொகஞ்சதாரோ மண்ணிலிருந்தே சுட்ட களிமண் வண்டிகள் கிடைத்திருக்கின்றன. சூத்திரகன் தன் நாடகம் ஒன்றுக்கு மண் வண்டியின் பெயரையே வைத்துவிட்டான். பொன் வண்டி கேட்டு அழும் ஒரு குழந்தையின் கண்ணீர் அந்தக் கதையைத் திருப்பிவிடுகிறது. நம்மவர்களில் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு இந்த வண்டியின்மேல் ஏதோ ஒரு பிரியம் இருந்திருக்க வேண்டும்: பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த, ஏறிச் செல்ல முடியாத சிறு தேரை உருட்டி விளையாடும் பிள்ளைகளைக் காட்டியவர், பட்டினப்பாலையிலும் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைக் கொண்டுவந்து, கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை அதன் வழியில் குறுக்கே கிடந்ததாகப் பாடுகிறார். குறுந்தொகையிலும் ஒரு தச்சன் செய்த சிறுவண்டி இருக்கிறது. இந்த மூன்று சக்கரத் தேரின் வம்சம்தான் எங்கள் காலத்து நடைவண்டி என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

பெண் குழந்தைகளுக்கு அந்தப் பாட்டுகளில் கிடைப்பது மணல். மணலில் வீடு கட்டுகிறார்கள், மணலைச் சோறாக்குகிறார்கள், பாவை செய்து வைக்கிறார்கள்; யாராவது ஒருவன் வந்து காலால் அழித்துவிட்டுப் போகிறான். கலித்தொகையிலும் அப்படித்தான், ஆண்டாள் கண்ணனிடம் முறையிடும் நாச்சியார் திருமொழியிலும் அப்படித்தான். பிள்ளைத்தமிழ் இலக்கணம் இதை ஒரு சட்டமாகவே ஆக்கி, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைப்பதற்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கிவிட்டது. தேர் ஒருவனுக்கு, சமையல் ஒருத்திக்கு என்ற பாகப் பிரிவினை இவ்வளவு பழையது. எங்கள் தெருவிலும் அது பிசகவில்லை. எனக்கு நுங்கு வண்டி, தங்கைக்குச் சொப்பு. தின்று எறிந்த இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டிக்குக் காசு செலவில்லை. ஓடி ஓடிக் களைத்த பிறகு சாப்பாட்டுக்கு எங்கே போவது? சொப்பு விளையாட்டின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அங்கே எனக்கு விருந்தாளி வேஷம். திண்ணையில் வந்து உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்த களைப்போடு துண்டால் விசிறிக்கொண்டு, "என்ன தாயி, சோறு ஆயிட்டுதா?" என்று கேட்க வேண்டும். "இன்னா, இலை போட்டுட்டேன் அண்ணாச்சி" என்று சொந்தத் தங்கையே என்னை அந்நியனைப்போல் உபசரிப்பாள். பூவரச இலையில் மணல் சோறு, செங்கல் பொடிக் குழம்பு, வேப்பங்காய்க் கூட்டு. பெரிய பரீட்சை முடிந்த விடுமுறையில் மட்டும் வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் பருப்பும் சேர்த்துத் தோப்பில் நிஜமாகவே கூட்டாஞ்சோறு ஆக்குவோம். அன்றைக்குச் சொப்பு வெறும் பரிமாறும் பாத்திரமாகிவிடும், ஏனெனில் மர அடுப்பில் தீ மூட்ட முடியாது என்ற ஞானம் எங்களில் ஒருவன் மூட்டிப் பார்த்ததன்மூலம் எங்களுக்கு முன்பே வாய்த்திருந்தது. ஆச்சி விதித்த தடை ஒன்றே ஒன்று: சொப்பில் தண்ணீர் விடக்கூடாது. "தண்ணி பட்டா மரம் ஊதிரும்ளா, காஞ்சா வெடிச்சிரும்ளா" என்பாள். வாய்க்காலில் விழுந்த அம்மியை அவள் தன் முந்தானையால் துடைத்து, நிழலில் வைத்து, இரண்டு நாள் பார்வையிலேயே வைத்திருந்தாள்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அது இன்பமயமாகத்தான் இருக்கும். ஆனால் சொப்பை நினைத்து உருகுகிறவர்களில், அதன் மூலமான அந்தக் கல்லை நினைத்து உருகுகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஆண்கள். என் தாயார் ஒருநாளும் உருகியதில்லை. பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு இட்லி மாவு ஆட்ட, விளக்கு வைத்தபின் உட்கார்ந்தால், ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, ஒன்றரை மணி நேரம் ஆகும். விடிந்தால் அம்மியில் சட்டினி. பண்டிகை வந்தால் உரலில் மாவிடிப்பு. வலது தோளில் அவர்களுக்கு வந்த வலி, ஆட்டுக்கல் வீட்டை விட்டுப் போன பிறகும் போகவில்லை. அந்த வேலைக்கு ஐந்து வயதிலேயே ஒரு பெண்ணின் கையைப் பழக்குகிற பாடசாலையாகச் சொப்பு இருந்தது என்று யாராவது குற்றம் சாட்டினால், என்னால் அதை மறுக்க முடியாது. மறுக்காமலே, அந்த அரக்கு வாசனைக்கு ஏங்கவும் செய்கிறேன்.

அந்தக் கல்லை வெளியேற்றிய சரித்திரம் ஏறக்குறைய என் ஆயுள் காலத்துக்குள் நடந்து முடிந்தது. 1955-இல் கோயமுத்தூரில் மின்சாரத்தால் மாவாட்டும் இயந்திரம் செய்யப்பட்டது. முதலில் ஓட்டல்காரர்களும் பிறகு வசதியுள்ளோரும் வாங்கிய அதை நாங்கள் கிரைண்டர் என்று கேள்விப்பட்டதோடு சரி. 1965-இல் இந்தியன் ஆயில் கம்பெனி கல்கத்தாவில் தன்னுடைய இண்டேன் எரிவாயுவை முதல் வீட்டுக்குக் கொடுத்தது. 60களிலேயே மிக்ஸியும் புறப்பட்டுவிட்டது. இவை மூன்றும் எங்கள் ஊர் வந்து சேரத் தலா பதினைந்து இருபது வருஷம் ஆயின, வந்தபின் தயங்கவில்லை. 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, இன்னும் எங்கேயாவது குடிசையில் ஒட்டிக்கொண்டிருந்த அம்மிக்கும் விடை கொடுக்கப்பட்டது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று உளியும் சுத்தியலுமாகத் தெருவில் கூவி வருகிறவர்களின் குரல் எந்த வருஷம் கடைசியாகக் கேட்டது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் மாத்திரம் மணப்பெண் மிதிப்பதற்கு ஓர் அம்மி உத்தியோகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைக் கொல்லைக்கு உருட்டிவிட்டோம். குழவியை யாரோ கேட்டு எடுத்துப் போனார்கள். குழியில் மழைத்தண்ணீர் தேங்கவே காக்கைகள் வந்து குடிக்கத் தொடங்கின. பிறகு மழை இல்லாத நாளிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவைப்பது வீட்டு வழக்கமாயிற்று.

மரச்சொப்புக்கு வந்த கஷ்டங்கள் வேறு தினுசானவை. 1950களின் இறுதியில் இந்தியாவிலேயே பாலிஸ்டைரீனும் பாலித்தீனும் தயாராகத் தொடங்கின. அச்சில் ஊற்றி நிமிஷத்துக்குப் பல என்று விழுகிற பிளாஸ்டிக் சொப்புக்கு, ஒவ்வொன்றாய் உளி பிடித்துக் கடைவது எப்படி ஈடு கொடுக்கும் என்பதைக் கேட்கத் தேவையில்லை. மரமும் எளிதில் கிடைப்பதாக இல்லை. பக்கத்து மலையில் முண்டந்துறை 1962-இல் புலிச் சரணாலயமாயிற்று. 1988-இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்றார்கள். புலிக்குக் காடு வேண்டியதுதான்; கடைசற்காரர் மட்டும் கண்ணெதிரே மலையை வைத்துக்கொண்டு மரத்துக்கு வேறிடம் பார்க்க நேர்ந்தது. 2021 ஜனவரி முதல் பதினான்கு வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம் என்ற மத்திய அரசின் ஆணை அமலுக்கு வந்தபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். நாலு தலைமுறைப் பிள்ளைகள் கடித்துப் பார்த்துத் தேர்ந்த சரக்கு என்பதை அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள் போலும்.

ஆச்சரியம் என்னவென்றால், இத்தனைக்குப் பிறகும் பெட்டிக்குள் சாமான் மாறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கடையில் ஓலைப்பெட்டி ஒன்றை வாங்கித் திறந்தேன். ஓரத்தில் ஒரு மர எரிவாயு அடுப்பும், சிவப்பு அரக்கு பூசிய சிலிண்டரும் புதிதாகக் குடியேறியிருந்தன. மற்றபடி அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை எல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்பு இருந்த இடத்திலேயே இருந்தன. திருகையை நிஜத்தில் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு ஏன் இன்னும் திருகை செய்கிறீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். அது இல்லாவிட்டால் பெட்டி நிறையாது என்றார்.

பெட்டியைப் பட்டணத்தில் இருக்கும் என் பேத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து வயது. எல்லாவற்றையும் தரையில் கொட்டி, தனக்குத் தெரிந்த முறையில் பிரித்தாள். உரலைக் கவிழ்த்துப் பொம்மைக்கு ஆசனமாகப் போட்டாள். திருகையின் மேல்வட்டைப் பம்பரமாக விட்டுப் பார்த்தாள். அம்மி பொம்மைக்குக் கட்டில் ஆயிற்று, குழவி தலையணை. சிலிண்டரை மட்டும் சரியாக அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். ஆட்டுக்கல்லைக் கையில் எடுத்ததும் அவள் முகம் மலர்ந்தது. "தாத்தா, இது உங்க ஊர்ல இருக்குல்ல!" என்றாள். குழவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து, குழாயடிக்குப் போய், அந்தக் குழி நிறையத் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து, ஜன்னல் கட்டையில் வைத்தாள். மரம் ஊதிவிடும் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போட்டால் காக்கை வராது என்று என்னை உட்காரச் சொன்னாள்.